பிலாட்டிஸும் கவுன்சிலிங்கும் சேர்ந்தால் படபடப்பு அடங்குமா?

கேள்வி சுருக்கமாக இது. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் ஒருவருடைய அக்காவுக்கு 34 வயது. ஒரு வருடமாகத் திடீர் திடீரென்று படபடப்பு வருகிறது, நெஞ்சை அடைக்கிறது. மாரடைப்பு என்று நினைத்து இரண்டு முறை ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறார்கள், ஈசிஜி நார்மல். மனநல டாக்டர் எஸ்சிடலோப்ராம் எழுதிக் கொடுத்து ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார், பாதி தேவலை. இப்போது காட்பாடி பக்கம் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சியும் கவுன்சிலிங்கும் சேர்த்து நடத்துகிறார்களாம், அக்காவைச் சேர்க்கலாமா, சேர்த்தால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று தம்பி கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை விடக் கூடாது. எஸ்சிடலோப்ராமைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கம் கெடுதல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு சுரீர், இதெல்லாம் சிலருக்கு வரும். வந்தவுடன் 'பாத்தியா, திரும்ப வந்துடுச்சு' என்று வீடே கலங்கிப் போகும். நன்றாக ஆனபிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தொடரச் சொல்வதுதான் வழக்கம், குறைப்பதாக இருந்தாலும் எழுதிக் கொடுத்தவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எந்த வகுப்பிலாவது 'மாத்திரையை நிறுத்துங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்' என்றால் அங்கேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சரி, முதல் கேள்வி. சேர்க்கலாம். ஆனால் அங்கே யார் எதைச் செய்கிறார்கள் என்று பார்த்துச் சேர்க்க வேண்டும், அதைத்தான் இனி நீட்டிச் சொல்லப்போகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், வேலூரில் பதினாறு வருடமாக முதுகுவலி, கழுத்துவலி, பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்புவலி இவற்றோடுதான் பிழைப்பு. பாயில் செய்கிற பிலாட்டிஸைத் தனியாகப் படித்தேன். ஏழு வருடமாக, பேச்சு வழியாகச் சிகிச்சை செய்கிற ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் நானும் சேர்ந்து சிலரைப் பார்த்து வருகிறோம். ஆகவே கொஞ்சம் என் சரக்கை நானே விற்கிற மாதிரி தெரிந்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிலாட்டிஸ் என்பது ஒரு ஆளின் பெயர். ஜோசப் பிலாட்டிஸ், 1883ல் ஜெர்மனியில் பிறந்தவர், சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பு வளைந்துபோகிற ரிக்கெட்ஸ் என்று நோஞ்சானாக இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டவர். முதல் உலகப் போர் வந்தபோது இங்கிலாந்தில் மாட்டிக்கொண்டதால் எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து ஐல் ஆஃப் மேன் என்ற தீவில் இருந்த முகாமில் அடைத்தார்கள். அங்கே கூட இருந்த கைதிகளுக்குப் பயிற்சி கொடுத்தார், படுத்த படுக்கையாக இருந்தவர்களின் கட்டிலில் ஸ்பிரிங் கட்டி இழுக்கவைத்தார் என்பார்கள். இன்றைக்கு ரிஃபார்மர் என்று பெரிய ஊர்களில் லட்சக்கணக்கில் விலை சொல்லும் அந்த ஸ்பிரிங் மெஷினுக்கு அதுதான் மூலம் என்று கதை. 1920களில் நியூயார்க் போய் ஸ்டுடியோ திறந்தார், 1967ல் இறந்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை. மனசு தசையை முழுசாக ஆள வேண்டும் என்பதுதான் அவருடைய பேச்செல்லாம். இந்த 'கட்டுப்பாடு' என்ற வார்த்தைதான் படபடப்புக்காரர்களிடம் நல்லதும் செய்யும், வம்பும் செய்யும், அதைப் பிறகு சொல்கிறேன்.

செய்முறை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பிலிருந்து ஒவ்வொரு எலும்பாக முதுகைத் தூக்குவது, அதேபோல ஒவ்வொன்றாக இறக்குவது. 'நூறு' என்று ஒரு பயிற்சி, தலையையும் தோளையும் லேசாகத் தூக்கி, கையை மேலும் கீழும் சிறிதாக அசைத்துக்கொண்டு, ஐந்து எண்ணும்வரை மூச்சு உள்ளே, ஐந்து எண்ணும்வரை வெளியே, இப்படிப் பத்துத் தடவை. ஜிம்மில் ஐம்பது தடவை செய்வதை இங்கே ஆறு, எட்டோடு நிறுத்திவிடுவோம், ஆனால் அந்த ஆறிலும் ஆள் வேறெங்கும் போக முடியாது. வயிறு என்ன செய்கிறது, விலா எலும்பு பக்கவாட்டில் விரிகிறதா, தாடையை ஏன் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பத்துத் தடவை யோசிக்கிற மூளைக்கு அந்த இருபது நிமிஷம் வேறு வேலை கிடைக்கிறது, சில பேருக்கு அதுவே பெரிய ஓய்வு.

நம் ஊரில் மனசு சரியில்லை என்று யாரும் நேராக வந்து சொல்வதில்லை. வயிற்றில் புளியைக் கரைக்குது, நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்குது, குலை நடுங்குது, உடம்பை அடிச்சுப் போட்ட மாதிரி கீது என்றுதான் வருவார்கள். படிக்காதவர்கள் இப்படிப் பேசுகிறார்கள் என்று மேட்டிமையாகச் சிரிக்கிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் இவர்கள் ரொம்பத் துல்லியமாகப் பேசுகிறார்கள். பயம் முதலில் உடம்பில்தான் தெரிகிறது, அவர்கள் தெரிகிற இடத்தைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். கழுத்துவலி என்று என்னிடம் வருகிறவர்களில் கணிசமான பேருடைய எக்ஸ்ரேயில் அந்த வலிக்குத் தகுந்த எதுவும் இருக்காது, ஆனால் தோள் காதுவரை ஏறியிருக்கும்.

ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற செக்‌ஷனில் பத்து வருடமாக வேலை. உங்கள் அக்கா மாதிரியேதான், திடீரென்று நெஞ்சடைப்பு, பஸ்ஸில் ஏற முடியவில்லை. நானும் சைக்காலஜிஸ்டும் ஒரே அறையில் இருந்தோம், அவர் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில். பாயில் படுக்கச் சொன்னேன்.

"படுத்தா இங்க வந்து அடைக்குது மேடம்."

"சரி, படுக்க வேணாம், ரெண்டு தலகாணி வச்சு சாஞ்சுக்கோ. மூச்சை விடு."

"விட்டுட்டேன்."

விடவில்லை. முக்கால்வாசி மூச்சு உள்ளேயே இருந்தது, விலா எலும்பு மேலே தூக்கினபடி அப்படியே நின்றது. மூச்சை இழு என்று சொன்னால் இந்த மாதிரி ஆட்களுக்கு இன்னும் மோசமாகிவிடும், ஏற்கெனவே நிரம்பின குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. அதிகமாக இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் மரத்து, உதடு குறுகுறுத்து, தலை கிறுகிறுக்கும், அதைப் பார்த்து இன்னும் பயம் வரும். அதனால் வெளியே விடுவதைத்தான் கற்றுக்கொடுப்பேன். "உங்க அம்மா வீட்ல ஊதாங்குழல் இருந்துச்சா? ஈர விறகு பத்தல, மெதுவா நீளமா ஊது" என்றேன். சிரித்துவிட்டார். ஊதினார். மூன்றாவது தடவை அடிவயிறு தானாக உள்ளே போனது, விலா எலும்பு இறங்கியது. ஐந்தாவது தடவை கண்ணில் தண்ணீர்.

என் வேலை அதோடு நின்றது. சைக்காலஜிஸ்ட் நாற்காலியைக்கூட நகர்த்தாமல் கேட்டார், "இப்போ நெஞ்சுல இருந்துச்சே, அதே பிடிப்பு வேற எப்போ வரும்?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "சூப்பர்வைசர் பின்னால வந்து நிக்கறப்போ. ஊசி எங்கனா கோணிக்கினு போயிடுமோன்னு மூச்சை அடக்கிக்கினே தைப்பேன். போனப்புறம் விடணும்னு இருப்பேன், அதுக்குள்ள அடுத்த பீஸ் வந்துடும்."

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து வருடம். நான் மட்டும் பார்த்திருந்தால் கழுத்துத் தசை இறுக்கம் என்று எழுதி ஹீட் வைத்து அனுப்பியிருப்பேன். அவர் மட்டும் நாற்காலியில் உட்காரவைத்துப் பேசியிருந்தால் "வீட்ல ஒண்ணும் பிரச்னை இல்லைங்க, எல்லாம் நல்லாதான் இருக்குது" என்ற பதிலோடு பல வாரம் போயிருக்கும், ஏனென்றால் அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, அவருக்கே அது தெரியாது. இந்தச் சேர்க்கை வேலை செய்கிற இடம் இதுதான். பயிற்சி முடிந்த அந்த ஐந்து நிமிஷத்தில், உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போது, சரியான ஆள் சரியான கேள்வியைக் கேட்பது. அந்த ஐந்து நிமிஷம் இல்லாவிட்டால் அது வெறும் உடற்பயிற்சி. உடற்பயிற்சியும் நல்லதுதான், ஆனால் அதற்குத் தெரபி என்று பெயர் வைத்துத் தனியாகக் காசு வாங்கக் கூடாது.

அடுத்து நாங்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. முட்டி போட்ட நிலையில் பிளாங்க், அதாவது முழங்கையும் முழங்காலும் தரையில், உடம்பு பலகை மாதிரி. செய்வதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதச் சொன்னோம்: எத்தனை எண்ணுவதற்குள் என்ன ஆகும்? 'பத்துக்குள்ள மயக்கம் போட்டு விழுவேன்' என்று எழுதினார். வெளியே உட்கார்ந்திருந்த அம்மா தண்ணீர் பாட்டிலோடு தயாராக எழுந்து நின்றார், உட்காரச் சொல்லிவிட்டோம். இருபத்திரண்டு எண்ணும்வரை தாங்கினார். நெஞ்சு தடதடவென்று அடித்தது, வேர்த்தது, கை நடுங்கியது, அதாவது எந்த அறிகுறிகளுக்குப் பயந்து பஸ்ஸில் ஏறாமல் இருந்தாரோ அத்தனையும் வந்தது. மயக்கம் வரவில்லை. நாங்கள் யாரும் ஓடிப்போய்த் தண்ணீர் தெளிக்கவில்லை, விசிறவில்லை. இரண்டு நிமிஷத்தில் தானாக இறங்கியது. அதையும் அவர் கையாலேயே நோட்டில் எழுதவைத்தோம்.

இதற்குப் பின்னால் இருக்கிற விஷயம் பழையது. டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1986ல் எழுதினது: இதயம் வேகமாக அடிப்பதில் ஆபத்து இல்லை, 'ஐயோ செத்துடுவேன்' என்று அதற்கு நாம் கொடுக்கிற அர்த்தம்தான் பயத்தைக் கிளப்புகிறது, பயம் இதயத்தை இன்னும் வேகமாக்குகிறது, செக்கு மாடு மாதிரி அங்கேயே சுற்றுகிறது. அந்தச் சுற்றை உடைக்க, வேண்டுமென்றே அந்த உடல் உணர்வை வரவழைத்து, தப்பி ஓடாமல் கூட இருந்து பார்க்க வைப்பார்கள். மேலைநாட்டுக் கிளினிக்குகளில் நாற்காலியில் சுற்றவிடுவார்கள், ஸ்ட்ராவில் மூச்சு விடச் சொல்வார்கள், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார்கள். பிலாட்டிஸ் பாயில் அது இயல்பாகவே நடக்கிறது, அளவு வைத்துக் கூட்டிக் குறைக்கவும் முடிகிறது.

மேலே 'கட்டுப்பாடு' வம்பு செய்யும் என்றேனே, அது இங்கேதான். சில பேர் மூச்சுப் பயிற்சியைத் தாயத்து மாதிரி பிடித்துக்கொள்வார்கள். படபடப்பு லேசாகத் தலைகாட்டியதும் அவசர அவசரமாக எண்ணி மூச்சு விடுவார்கள், அடங்கினால் 'மூச்சுதான் காப்பாத்துச்சு, இல்லேன்னா போயிருப்பேன்' என்று நினைத்துக்கொள்வார்கள், ஆக உள்ளே பயம் அப்படியேதான் இருக்கிறது. முதுகு ஒரு எலும்பு கோணினால்கூடத் தாங்க முடியாத கச்சிதக்காரர்களும் உண்டு, அவர்களிடம் நான் வேண்டுமென்றே எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்வேன், பயிற்சியைப் பாதியில் நிறுத்துவேன். உங்கள் அக்கா எந்த ரகம் என்று பார்க்க வேண்டியது சைக்காலஜிஸ்டின் வேலை.

என் தப்பு ஒன்றையும் சொல்கிறேன். ஆரம்பத்தில், இந்தக் கூட்டு ஏற்பாடெல்லாம் வருவதற்கு முன்னால், வேறொரு இடத்தில் தனியாக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்லூரிப் பெண், இடுப்பைத் தூக்கும்போது உடம்பு முழுக்க விறைத்துவிடும். இரண்டு வெளிநாட்டு வீடியோ பார்த்த தைரியத்தில், இடுப்பில் கையை வைத்து, "இங்க என்ன வச்சிருக்கே, சொல்லு" என்று கேட்டுவிட்டேன். அவள் சொன்னாள். இங்கே எழுதுகிற விஷயமில்லை. அரை மணி நேரம் அழுதாள், அடுத்த பேட்ச் கதவுக்கு வெளியே சளசளவென்று நிற்கிறது, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, முகம் கழுவிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். அவள் திரும்ப வரவே இல்லை. கேட்கத் தெரிந்தவருக்குக் கேட்டபிறகு தாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும், எனக்கு அன்றைக்கு முதல் பாதி மட்டும்தான் தெரிந்தது. சைக்காலஜிஸ்டைத் தேடிப்போய்க் கூட்டு வைத்தது அதற்குப் பிறகுதான். இப்போதெல்லாம் கேட்காமல் தொடுவதில்லை. கேட்டு, சரி என்றாலும், அடுத்த பயிற்சிக்கு மறுபடி கேட்பேன். மல்லாந்து கண்ணை மூடிப் படுப்பது சில பெண்களுக்கு ஓய்வு, சிலருக்கு அதுவே நரகம், அவர்களைக் கண்ணைத் திறந்து, கதவு தெரிகிற பக்கம் தலை வைத்து, இல்லாவிட்டால் நின்றபடியே சுவரில் சாய்ந்து செய்யவைப்போம்.

இதையொட்டி ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். 'துக்கமெல்லாம் இடுப்புத் தசையில் தேங்கி இருக்கிறது, இந்த ஒரு ஸ்ட்ரெட்ச் செய்தால் வெளியே வந்துவிடும்' என்று ரீல்ஸில் சொல்கிறார்கள். தசையில் துக்கம் தேங்காது. தசை நரம்பு சொன்னபடி இறுகும், நரம்பு பயந்திருந்தால் இறுகியே இருக்கும். உடம்பில் மனசு கவசம் போட்டுக்கொள்கிறது என்ற எண்ணத்தை 1930களிலேயே வில்ஹெல்ம் ரைஷ் என்ற ஃபிராய்டின் சீடர் வளர்த்தெடுத்தார், அதில் ஒரு உண்மை இருந்தது. பிறகு அவரே பிரபஞ்ச சக்தியைப் பெட்டிக்குள் சேமிக்கிறேன் என்று கிளம்பி, அது சம்பந்தமான கோர்ட் உத்தரவை மீறியதற்காக அமெரிக்கச் சிறைக்குப் போய் 1957ல் அங்கேயே இறந்தார். நல்ல எண்ணம் கொஞ்சம் வழுக்கினால் எங்கே போய் விழும் என்பதற்கு இந்தத் துறையில் அவரைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு நிறைய இருக்கிறது. 1999ல் அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட, நோய் என்று சொல்லும் அளவுக்கு மனச்சோர்வு இருந்த 156 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு செர்ட்ராலின் மாத்திரை, ஒரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது, மாத்திரை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வேலை காட்டியது. 2024ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 218 சோதனைகளை, 14,170 பேரைச் சேர்த்துப் பார்த்ததில் நடை, மெதுவோட்டம், யோகா, பளுப் பயிற்சி எல்லாமே பலன் தந்தன. பிலாட்டிஸை மட்டும் தனியாக எடுத்தால், 2018ல் எட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் மனச்சோர்வும் பதற்றமும் களைப்பும் குறைந்தது தெரிந்தது, ஆனால் எட்டும் சின்னச் சோதனைகள், ஒப்பிட்டது பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களோடு. சிகிச்சையோடு உடற்பயிற்சியைச் சேர்ப்பதில் என் மனசில் நிற்பது 2014ல் வந்த ஒன்று: கொடுமைகளை அனுபவித்து, அந்த அதிர்ச்சி விடாமல் துரத்துகிற பிடிஎஸ்டி என்ற நோய் வந்து, எந்தச் சிகிச்சைக்கும் சரியாக மசியாத 64 பெண்கள், வழக்கமான சிகிச்சையோடு கூட பத்து வாரம் யோகா. யோகா செய்தவர்களில் கடைசியில் கணக்கில் வந்த 31 பேரில் 16 பேருக்கு அந்த நோய் என்று சொல்லத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்தது, மற்றப் பிரிவில் 29 பேரில் 6 பேருக்கு. கவனியுங்கள், அது யோகா. பிலாட்டிஸுக்கும் தெரபிக்கும் சேர்த்து அந்தத் தரத்தில் காட்ட எங்களிடம் இல்லை. 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று போர்டு போட்டிருந்தால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

அப்படியானால் யோகாவே போதாதா? போதும். பக்கத்தில் நல்ல யோகா ஆசிரியர் இருந்து, சைக்காலஜிஸ்டோடு பேசத் தயாராக இருந்தால் அங்கேயே போங்கள், காசும் மிச்சம். நான் பிலாட்டிஸில் நிற்பதற்கு ஒரு காரணம் தொழில், எனக்கு அது தெரியும். இன்னொரு காரணம் இந்த ஊர். வேலூரிலும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலும் நிறைய முஸ்லிம் குடும்பங்கள், கிறிஸ்தவக் குடும்பங்கள், அவர்களில் சிலருக்கு யோகா என்றதும் மந்திரமா, சூரிய நமஸ்காரமா என்று தயக்கம். பிலாட்டிஸ் என்றால் பிசியோதெரபியின் தங்கச்சி மாதிரி நினைத்துக்கொண்டு மாமியாரே அனுப்பிவைக்கிறார். மனநல டாக்டரிடம் போகிறாள் என்று தெரு பேசும், முதுகுவலிக்குப் போகிறாள் என்றால் பேசாது. அந்தத் திரை கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் விட்டுவிடுகிறேன்.

பெரிய ஊர் சமாசாரம் என்று நினைக்க வேண்டியதில்லை. நம் பாகாயத்திலேயே சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957லிருந்து இருக்கிறது, உள்நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கி சிகிச்சையில் கலந்துகொள்ள வேண்டும் என்ற முறையை இந்தியாவில் முன்னாலேயே கொண்டுவந்த இடங்களில் அதுவும் ஒன்று. அதே பாகாயத்தில்தான் மறுவாழ்வு நிலையமும் இருக்கிறது, 1954ல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே டாக்டராக வேலை பார்த்த மேரி வர்கீஸ் 1966ல் கட்டி எழுப்பியது. காலை இழந்தவருக்கு மனசையும் சேர்த்துப் பார்க்காமல் நடக்கவைக்க முடியாது என்பது அங்கே வேலை செய்த எந்த பிசியோவைக் கேட்டாலும் சொல்வார். நான் செய்வது அதே சங்கதியை இன்னொரு முனையிலிருந்து தொடங்குவது. குடும்பத்தில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதையும் அங்கிருந்துதான் திருடினேன். தம்பி, உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது: அக்காவுக்கு நெஞ்சு அடித்தால் உடனே தண்ணீரையும் விசிறியையும் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருப்பது. கஷ்டமான வேலை.

இப்போது எச்சரிக்கைகள். இங்கே வெயில் ஒரு தனி சங்கதி, ஏப்ரல், மே மாதத்தில் நாற்பதைத் தாண்டி அடிக்கும். மனநிலை ஏறி இறங்குவதற்காக லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேர்த்துக் கொட்டிச் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் விட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகும் ஆபத்து உண்டு, கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் என்று வந்தால் வகுப்பு அல்ல, ஆஸ்பத்திரி. மனநோய்க்கான சில மாத்திரைகள் வேர்வையைக் குறைத்து உடம்பு சூட்டை ஏற்றும். சில மாத்திரைகளால் படுத்து எழுந்தால் ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டும், ஆகவே குனிந்து நிமிரும் பயிற்சியில் இவர்களை அவசரப்படுத்தக் கூடாது. படபடப்புக்கு ப்ரோப்ரனலால் கொடுத்திருந்தால் இதயம் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது, நாடி பார்த்துப் பயிற்சி கொடுக்கிற ஆள் ஏமாந்துபோவார், அது ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுக்கக் கூடாத மாத்திரை என்பதையும் சொல்லிவைக்கிறேன். எலும்பு தேய்ந்த அம்மாக்களை முதுகை வளைத்துச் சுருட்டும் பயிற்சியில் விடக் கூடாது, அந்த 'நூறு'கூட அவர்களுக்கு வேண்டாம். சாப்பிடாமல் உடம்பைக் குறைத்துக்கொண்டே போகிற பெண்களுக்கு எந்தப் பயிற்சியும் கத்தியைக் கையில் கொடுத்த மாதிரி. தூக்கமே இல்லாமல் தலைகால் தெரியாத உற்சாகத்தில் இருப்பவர், யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்பவர், சாக வேண்டும் என்று சொல்கிறவர், இவர்களுக்கெல்லாம் முதலில் மனநல டாக்டர், பாய் எல்லாம் அப்புறம். நடுராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 2022லிருந்து இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

காட்பாடி வகுப்புக்குப் போவதற்கு முன்னால் போன் போட்டுக் கேளுங்கள். கவுன்சிலிங் செய்கிறவர் என்ன படித்திருக்கிறார், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா? வார இறுதிச் சான்றிதழ் வைத்துக்கொண்டு ஒரே ஆள் இரண்டையும் செய்வதாகச் சொன்னால் வேண்டாம். அக்காவின் டாக்டரோடு பேசுவார்களா, என்ன மாத்திரை என்று கேட்கிறார்களா? கேட்கவே இல்லை என்றால் அதுவே பதில். குழுவாக உட்காரவைத்து எல்லார் முன்னாலும் மனசைத் திறக்கச் சொல்வார்களா? படபடப்போடு புதிதாக வருகிறவருக்கு அது தேவையில்லாத சித்திரவதை, அதுவும் வேலூர் மாதிரி ஊரில், பாதிப் பேர் ஏதாவது கல்யாணத்தில் பார்த்த முகமாகத்தான் இருப்பார்கள். தேறுகிறாரா இல்லையா என்பதை எதை வைத்துப் பார்ப்பார்கள்? நாங்கள் ஜிஏடி-7 என்று பதற்றத்தை அளக்கிற, ஏழு கேள்வி உள்ள தாளை மாதத்துக்கு ஒரு முறை நிரப்பவைக்கிறோம், 21க்கு எத்தனை என்று தெரிந்துவிடும். எட்டுப் பத்து வாரத்தில் அந்த எண் அசையவே இல்லை என்றால் காசை வாங்கிக்கொண்டே போகாமல் வேறு வழி பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்ல வேண்டும். பொம்பளைகளுக்குத் தனி நேரம், தனி அறை உண்டா என்பதையும் கேளுங்கள், சுடிதாரும் லெக்கின்ஸும் போதும், துப்பட்டாவைக் கழற்றத் தயங்கினால் கட்டாயப்படுத்தக் கூடாது.

மெஷின் இல்லையே என்று யோசிக்காதீர்கள், ஸ்பிரிங்கும் கட்டிலும் முதுகுக்குத்தான் சௌகரியம். ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால் போதும். வீட்டில் செய்ய இடமில்லை, மாமனார் ஹாலிலேயே இருக்கிறார் என்பதுதான் என்னிடம் வருகிறவர்களின் நிஜமான பிரச்சனை, அதற்கு மொட்டை மாடிதான், காலை ஐந்தரை மணிக்கு, தண்ணீர் லாரி வருவதற்கு முன்னால்.

முதல் நாள் அக்காவோடு நீங்களும் போங்கள். வாசல் பக்கமாகப் பாய் போடச் சொல்லுங்கள், எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் போகலாம் என்று ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் பாதியில் எழுந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர், அந்த ஷூ கம்பெனிப் பெண்ணும் இரண்டு தடவை போனார். கூப்பிடாமல் விட்டோம், பத்து நிமிஷத்தில் தானாக வந்து படுத்துக்கொண்டார்.